பனிக்கு உள்ளதுதான் மணலுக்கும்

தம்பி, அந்த ஃபோன் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிடுதியளா. தப்பா நெனைக்காதீங்க, படம் பாக்கக்கூடாதுன்னு சொல்லல. அது எந்தப் படம்னு சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான். காத்து அடிக்கும், ஒருத்தன் மூச்சு வாங்குவான், மறுபடி காத்து அடிக்கும். பாலைவனத்துல ஒத்தையில மாட்டிக்கிட்ட பட்டாளத்துக்காரன் கதை. சரிதானா? எதுவரைக்கும் பாத்திருக்கிய? ஜீப்பு கவுந்தது வரைக்குமா. அப்ப இன்னும் ரொம்ப நேரம் அவன் தவழ வேண்டியிருக்கு. நிப்பாட்டி வச்சுட்டு நான் சொல்லுததக் கேளுங்க. படம் எங்கயும் ஓடிப்போயிராது. பஸ் திருநெல்வேலி போயிச் சேரவும் நேரம் கெடக்கு.

அந்தப் படத்துக்கு ராணுவ ஆலோசகர் நான்தான்.

பாத்தியளா, சிரிக்கிய. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாவ. என் பேரு வேதமாணிக்கம். சாத்தான்குளம் பக்கம். பட்டாளத்துல பதினேழு வருசம் இருந்துட்டு ஹவில்தாரா ரிட்டையர் ஆனேன். டூட்டி எங்கன்னு கேப்பிய. எல்லாம் லடாக்குப் பக்கம்தான். பனி. வருசத்துல பாதி நாள் கதவத் தொறந்தா வெளிய சுவரு மாதிரி பனி நிக்கும். அங்க ஸ்டோர்ல நான் கம்பளி செக்சன். துப்பாக்கி தூக்குனவன் பேருதான் வெளிய வரும் தம்பி. அவன் துப்பாக்கி தூக்கணும்னா மொதல்ல கை விறைக்காம இருக்கணும்லா. அந்தக் கைக்கு உறை எடுத்துக் குடுத்தது யாரு? அத ஒருத்தனும் கேக்க மாட்டான்.

சரி, விசயத்துக்கு வாரேன். படத்துல ராஜஸ்தான்னு எழுத்துப் போட்டிருப்பான். எந்த ராஜஸ்தான். எங்க ஊருக்குக் கிழக்க கெடக்க தேரிக்காடு அது. செக்கச்செவேல்னு மணலு மலை மலையாக் குமிஞ்சு கெடக்கும்லா, அதேதான். செவப்பக் கம்ப்யூட்டர்ல மஞ்சளாக்கிட்டானுவ. பனமரத்த எல்லாம் தொடச்சு எடுத்துட்டானுவ.

சினிமாக்காரவ வந்து எறங்குன அன்னைக்கு அவங்க மேனேஜரு டீக்கடையில நின்னு, நெசமான பட்டாளத்துக்காரர் யாராவது இங்க உண்டுமான்னு கேட்டிருக்காரு. எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போனவன் நாலஞ்சு பேரு இருக்கான். அதுல ஒருத்தன் நெசமாவே ராஜஸ்தான் பார்டர்ல கெடந்தவன். ஆனா அவன் அன்னைக்குன்னு பாத்து வாழைக்குத் தண்ணி பாச்சப் போயிட்டான். நான் டீக்கடையில இருந்தேன். கூப்பிடுத நேரத்துல ஆளு இருக்கணும்லா.

டைரக்டர் பேரு கபிலேஷ். சின்ன வயசு, தலமுடியக் கொண்டை போட்டிருப்பான். என்னைய உக்கார வச்சு, "சார், நீங்க பாலைவனத்துல இருந்திருக்கீங்களா?"ன்னு கேட்டான்.

"பனியில இருந்திருக்கேன்"ன்னேன்.

அவன் மொகம் கொஞ்சம் மாறிச்சு. விடலாமா? நான் சொன்னேன், "தம்பி, பனின்னா என்ன, வெள்ள மணலு. மணலுன்னா என்ன, காஞ்ச பனி. ரெண்டுலயும் கால் புதையும், கண்ணு கூசும், குடிக்கத் தண்ணி கெடைக்காது. பனிக்கு உள்ளதுதான் மணலுக்கும்."

கபிலேஷு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். பொறவு, "செம லைன் சார்"ன்னு சொல்லி ஃபோன்ல டைப் அடிச்சு வச்சுக்கிட்டான். ஜீப்பு கவுறதுக்கு முன்ன ஹீரோ அதச் சொல்லுவான், கேட்டியளா? கேக்கலியா. சரி, பொறவு பின்னால ஓட்டிப் பாருங்க.

எங்க வீட்டுக்காரி சாராள் மட்டும் அன்னைக்கே சொன்னா. "மணலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? வீடு கட்டும்போது மணலுன்னு சொல்லி ஒருத்தன் புழுதிய எறக்கிட்டுப் போனான், நீங்க அவனுக்கு மோரு குடுத்து அனுப்புனிய"ன்னா. அவ அப்படித்தான். எதுக்கும் ஒத்துக்கிட மாட்டா.

வேலை ஆரம்பிச்சுது. ஹீரோ பேரு ருத்விக். நல்ல ஒசரம், நல்ல நெறம், தாடிய மட்டும் தனியா ஒரு ஆளு வந்து சீவி விடுவான். அவன எப்படி நடக்க வைக்கதுன்னு கபிலேஷு கேட்டான். நான் நடந்து காட்டுனேன். பனியில நடக்கும்போது முட்டிய நெஞ்சு வரைக்கும் தூக்கி வைக்கணும், இல்லன்னா கால் மாட்டிக்கிடும். ருத்விக்கு அதே மாதிரி முட்டியத் தூக்கித் தூக்கி நடந்தான். தூரத்துல பாத்தா கொளத்துல கொக்கு நடக்க மாதிரியே இருக்கும். அவ்வளவு அழகு. தியேட்டர்ல அந்த நடை வரும்போது ஜனங்க ரசிச்சுச் சிரிச்சாவ, நானே பாத்தேன்.

அடுத்தது உடுப்பு. பட்டாளத்துக்காரன் எந்த நெலமையிலயும் கம்பளிய மட்டும் கழட்டவே கூடாதுன்னு சொன்னேன். ஒரு ஸ்வெட்டரு, அதுக்கு மேல ஒரு ஸ்வெட்டரு, தலைக்குக் குரங்குக் குல்லா. சித்திர மாசம். ருத்விக்கு ஒரு ஷாட்டு நின்னான், ரெண்டாவது ஷாட்டுல அப்படியே சரிஞ்சு விழுந்தான். கபிலேஷு கை தட்டுனான். அவ்வளவு இயல்பா விழுந்தான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவன் எந்திரிக்கலன்னு கவனிச்சோம். அன்னைக்கே ஸ்வெட்டர எடுத்துட்டானுவ. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எனக்கு மனசுக்குச் சங்கடம்தான். ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்லா, நான் எதுவும் பேசல.

இப்ப முக்கியமான நாளுக்கு வாரேன்.

கபிலேஷுக்கு ஒரு ஆச. ஹீரோ தாகத்துல சாகக் கெடக்க ஒரு காட்சி. அத நெசமான தாகத்துல எடுக்கணும்னுட்டான். காலையில இருந்து ருத்விக்குக்குத் தண்ணி கெடையாது. மணல்ல கால் தடம் இருக்கக்கூடாதுன்னு மத்த ஆளுவள எல்லாம் ரோட்டோரமே விட்டாச்சு. உள்ள போனது நாலே பேரு. கபிலேஷு, ருத்விக்கு, கேமராமேன் அனூப், நான். அனூப் மலையாளத்துப் பையன், அதிகம் பேச மாட்டான். ஃபோன எல்லாரும் வண்டியிலயே வச்சுட்டு வரணும்னு உத்தரவு. ஃபோன் அடிச்சா தாகம் கலஞ்சுருமாம்.

கெளம்பும்போது சாராள், "தேரியில வெயிலு கொளுத்துது, மோரு கொண்டு போங்க"ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். ஆபத்தான எடத்துக்குப் போகும்போது சூடாத்தான் ஏதாவது கொண்டு போகணும், அதுதான் நாங்க படிச்சது. பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்க் நெறைய சுக்குக்காப்பி போடச் சொல்லி வாங்கிக்கிட்டேன். மொளகு கூடப் போடச் சொன்னேன். அதப் பையில அடியில வச்சேன். அது ரிசர்வ். ரிசர்வுன்னா என்னன்னு தெரியுமா? கடைசிவரைக்கும் தொடக்கூடாது, அதுதான் ரிசர்வ்.

உள்ள போயி, நல்ல மணலு, இன்னும் நல்ல மணலுன்னு தேடித் தேடிப் போயிட்டோம். ரெண்டு மூணு ஷாட்டு எடுத்தாச்சு. திரும்பிப் பாக்கோம், வந்த தடத்தக் காணும். தேரியில மேக்காத்து கெளம்பிட்டா அப்படித்தான், மணலு பாய விரிச்ச மாதிரி ஆயிரும். எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மேடு. ரோட்டுச் சத்தமும் இல்ல. காத்துதான் கேக்கு.

"எந்தப் பக்கம் சார்?"ன்னு கபிலேஷு கேட்டான்.

அந்த நிமிசம் தலைமை என் கைக்கு வந்துட்டு தம்பி. நான் கேக்கல, தானா வந்துது.

கடிகாரத்த வச்சு தெச கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. சின்ன முள்ள சூரியனுக்கு நேரா வைக்கணும். பொறவு அதுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல பாக்கணும். ஆனா என் வாட்ச் டிஜிட்டல். மகன் துபாய்ல இருந்து அனுப்புனது. முள்ளு கெடையாது. அதனால முள்ள மனசுல வச்சுக்கிட்டு, சூரியனப் பாத்து, "இந்தப் பக்கம்"னு கையக் காட்டுனேன். மூணு பேரும் பின்னால வந்தானுவ. முட்டியத் தூக்கி நடக்கச் சொன்னேன். நடந்தானுவ.

கொஞ்ச தூரத்துல ஒரு பனமரம். தலை ஒடிஞ்ச மொட்டப் பனை. அதுல அனூப் அவன் துண்டக் கட்டிப் போட்டான். எதுக்குன்னு கேட்டேன். "ச்சும்மா சாரே"ன்னான்.

நல்லா நடந்தோம். மறுபடி ஒரு மொட்டப் பனை.

"சார், இந்த மரத்த நாம ஏற்கெனவே பாத்தோம்"னு கபிலேஷு சொன்னான்.

"அது வேற, இது வேற. பனமரம் எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்"னேன்.

"சார், இதுல துண்டு கட்டியிருக்கு."

"நம்மள மாதிரி இன்னும் யாரோ இந்த வழியா வந்திருக்காவ. நல்ல அறிகுறி"ன்னேன்.

அனூப் மரத்துகிட்ட போனான். துண்டக் கழட்டி மொகத்தத் தொடச்சுட்டு மறுபடி கட்டுனான். அதே துண்டு மாதிரி துண்டு ஊருக்குள்ள எத்தனயோ இருக்கு, என்ன செய்ய.

மூணாவது தடவ அந்த மாதிரி ஒரு மரத்தடிக்கு வந்தப்ப ருத்விக்கு உக்காந்துட்டான். உக்காந்தவன் சாஞ்சான். ஒதடு வெடிச்சுப் போச்சு. கண்ணு மேல போவுது. கபிலேஷு பயந்துட்டான். அது அவனுக்கு மொதப் படம். ஹீரோவக் கொன்னுட்டு மொதப் படம் எடுத்தான்னு பேரு வந்துருமேன்னு மணல்ல உக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டான். அனூப் மட்டும் கேமராவுக்குக் கொடை பிடிச்சுக்கிட்டு நின்னான்.

நான் ருத்விக்கு பக்கத்துல போயி உக்காந்தேன். தூங்க விடக்கூடாதுல்லா. பனியில தூங்கிட்டா ஆளு அம்புட்டுத்தான். காதப் பிடிச்சு முறுக்கி முறுக்கி விட்டேன். அவன் கண்ணத் தொறந்து என் கையப் பிடிச்சுக்கிட்டான்.

"சார், எம் பேரு ருத்விக் இல்ல சார்."

"சரிப்பா."

"மொக்கராசு சார். உசிலம்பட்டிப் பக்கம். யாருக்கும் தெரியாது. சாகுறப்ப ஒருத்தருக்காவது தெரியட்டும்."

அதுவரைக்கும் அவன் பேசுன பேச்சே வேற. இப்பத்தான் சொந்தப் பேச்சுல பேசுதான். "எங்காத்தா நான் நடிச்ச படம் ஒண்ணக்கூட முழுசாப் பாத்ததில்ல சார். நான் வர்றதுக்குள்ள தூங்கிரும். கேட்டா, 'நீ நல்லா இருக்கல்ல, அது போதும்'னு சொல்லிரும். இந்தப் படத்துலயாச்சும் முழிச்சிருந்து பாக்கணும்னுதான் சார் தண்ணி கூடக் குடிக்காம வந்தேன்."

தம்பி, எவ்வளவு பெரிய ஆளுன்னாலும் ஆத்தாளுக்கு முன்னால ஒண்ணுமில்ல பாருங்க. இந்தப் பையனச் சாக விடக்கூடாதுன்னு அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டேன். மொதல்ல நம்ம கைவசம் என்ன இருக்குன்னு பாக்கணும்லா. பையத் தொறந்து, ரிசர்வ் பத்திரமா இருக்கான்னு ஃப்ளாஸ்க்க எடுத்து லேசாக் குலுக்கிப் பாத்தேன்.

களக்னு ஒரு சத்தம்.

மூணு பேரும் திரும்பிட்டானுவ. சாகக் கெடந்தவன் மொதல்ல திரும்புனான்.

"சார், அது என்ன?"

"ரிசர்வ்"ன்னேன்.

"குடுங்க சார்."

"ரிசர்வத் தொறக்கணும்னா மேலதிகாரி உத்தரவு வேணும்."

"உங்க மேலதிகாரி எங்க?"ன்னு கபிலேஷு கேட்டான்.

"இப்ப இந்த எடத்துல சீனியரு நான்தான்."

"அப்ப நீங்களே உத்தரவு போடுங்க சார்."

"தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கிட முடியுமா தம்பி? போட்டா ஒழுங்கு என்ன ஆகும்? அங்க ஸ்டோர்ல நான் வெறைச்சுப்போயி உக்காந்திருந்த நாள்ல கூட, என் பின்னால ஆயிரம் கம்பளி அடுக்கியிருந்தும், ஒண்ண எடுத்துப் போத்துனதில்ல."

நான் பெருமைக்குச் சொல்லல. உள்ளதச் சொன்னேன். ஆனா ருத்விக்கு அதக் கேக்குத நெலமையில இல்ல. அவன் மெதுவா எந்திரிச்சான். நாய் ஒண்ணு எலும்பப் பாக்க மாதிரி ஃப்ளாஸ்க்கப் பாத்தான். எனக்கு அந்தப் பார்வ பிடிக்கல. ரெண்டு அடி பின்னால வச்சேன். அவன் ரெண்டு அடி முன்னால வச்சான்.

நான் ஓடிட்டேன்.

பயந்து ஓடலை, அதத் தெளிவாச் சொல்லிருதேன். ரோடு எந்தப் பக்கம்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. அவன ஓட வச்சாத்தான் அங்க கொண்டு சேக்க முடியும்னு திட்டம் போட்டு ஓடுனேன். அந்தத் திட்டம் ஓட ஆரம்பிச்ச பொறவு தோணுச்சா முன்னாடி தோணுச்சாங்கறது வேற விசயம். முட்டியத் தூக்கிக்கிட்டு, ஃப்ளாஸ்க்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுதேன். பின்னால அவன் விழுந்து, எந்திரிச்சு, தவழ்ந்து, மறுபடி எந்திரிச்சு வாரான். "ஏய் பெருசு, நில்லு"ன்னு உசிலம்பட்டிப் பேச்சுல கத்துதான். அவனுக்குப் பின்னால அனூப். அவ்வளவு நேரம் அசையாம நின்ன பையன், கேமராவத் தோள்ல தூக்கிக்கிட்டு எங்களவிட வேகமா வாரான். எல்லாருக்கும் பின்னால கபிலேஷு. "விடாத அனூப், விடாத"ன்னு அழுதுக்கிட்டே வாரான். தண்ணிக்கு அழுதானா, ஷாட்டுக்கு அழுதானா, கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஒரு மேடு ஏறுனேன். எறங்குனேன். இன்னொரு மேடு ஏறும்போது கால் சறுக்கி, அந்தப் பக்கமா உருண்டுட்டேன். உருண்டு உருண்டு போயி நின்னது எங்கன்னு நெனைக்கிய? யூனிட்டு ஆளுவ சாப்பிட உக்காந்திருந்த பந்தல்ல. ஒரு ஆளு சாம்பாரு ஊத்திக்கிட்டு இருந்தான். ஊத்துன கைய எடுக்காம என்னையப் பாத்தான். "அதுக்குள்ள ஷூட்டிங் பேக்கப்பா சார்?"ன்னு கேட்டான். அவ்வளவு நேரமும் நாங்க அந்த ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் சுத்தியிருக்கோம்னு பொறவு எல்லாரும் சொன்னானுவ. அதெல்லாம் அவனுவ கணக்கு. தேரியில தூரம் வேற மாதிரி.

ருத்விக்கு வந்து என் மேலயே விழுந்தான். பந்தல்ல எல்லார் கையிலயும் தண்ணி இருக்கு. கேன் கேனா இருக்கு. அவன் கண்ணுக்கு அது ஒண்ணும் தெரியல. ஃப்ளாஸ்க்கப் பிடுங்கி, மூடியத் திருகி, அண்ணாந்து ஒரே ஊத்தா ஊத்திக்கிட்டான்.

அந்த ஃப்ளாஸ்க் அப்படி தம்பி. காலையில ஊத்துனது, கொஞ்சம் கூடச் சூடு கொறையல.

அந்த அலறல நீங்க இன்னும் கேக்கல. படத்துல கடைசியில வரும். வானத்தப் பாத்து மண்டி போட்டு ஒரு அலறு அலறுவான், பின்னாடி மியூசிக்கு இருக்காது. பத்திரிகையில எல்லாம் எழுதுனானுவ, மனுசனோட ஆதி வேதனை அந்தக் குரல்ல இருக்குன்னு. அது வேதனை இல்ல, மொளகு. சாராள் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டா.

அனூப் எல்லாத்தையும் எடுத்திருந்தான். கபிலேஷு அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். ருத்விக்கு நாக்க நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு ஒரு சோத்துத் தட்டக் குடுத்தானுவ. சாகக் கெடந்தவன ஓட வச்சுக் காப்பாத்துனது யாருன்னு ஒருத்தனும் வாயத் தொறந்து சொல்லல. நானும் எதிர்பாக்கல. கொஞ்சம் எதிர்பாத்தேன்.

போகும்போது கபிலேஷு என் கையப் பிடிச்சுக்கிட்டு, "சார், அந்த ஓட்டம்தான் படத்துக்கே உயிரு. நீங்க படத்துல இருக்கீங்க"ன்னான். நான் ஊரு முழுக்கச் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியுமா?

படம் வந்துது. வேன் பிடிச்சு எல்லாரும் தூத்துக்குடிக்குப் போனோம். தெருக்காரவ, எங்க சபை ஆளுவ, போதகர் ஐயா கூட வந்தாரு. நடு வரிசையில நானு, ஒரு பக்கம் சாராள், இந்தப் பக்கம் ஐயா.

"எந்த எடத்துல வாரிய?"ன்னு ஐயா கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"இந்தா வந்துருவேன் ஐயா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

அந்தக் காட்சி வந்துது. ருத்விக்கு எந்திரிக்கான். கண்ணு மின்னுது. நானே சீட்டு நுனிக்கு வந்துட்டேன். கேமரா மெல்ல திரும்புது. அங்க ஒரு ஒட்டகம் ஓடுது.

ஒட்டகம் தம்பி. கழுத்துல ஒரு தோல் தண்ணிப் பை தொங்குது. நான் ஓடுன மேட்டுல, நான் ஓடுன ஓட்டத்த, ஒரு ஒட்டகம் ஓடுது. உருளும்போதும் ஒட்டகம்தான் உருளுது.

காட்சி முடிஞ்சுது. "எங்க, இன்னும் வரலியா?"ன்னு ஐயா கேட்டாரு.

"போயிட்டேன் ஐயா"ன்னேன்.

அவருக்கு ஒண்ணும் வெளங்கல. கடைசியில எழுத்து ஓடும்போது ராணுவ ஆலோசனைன்னு வந்துது. வேதமணிகண்டன்னு போட்டிருந்தான். மால போட்டு மலைக்குப் போற ஆளாட்டம். வேன்ல திரும்பி வரும்போது ஒரு பய பேசல. அந்த அமைதிதான் இருக்கே, அது கேலிய விட மோசம். சாராளும் பேசல. வாய மூடாத பொம்பள, ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. வெக்கப்படுதான்னு புரிஞ்சுக்கிட்டேன். புருசன் ஊரக் கூட்டிக்கிட்டுப் போயி ஒட்டகத்தக் காட்டுனா வேற என்ன செய்வா.

மறுநாளு கபிலேஷுக்கு ஃபோன் போட்டேன்.

"சார், கதைப்படி அவன் தனியா மாட்டிக்கிட்டவன். கூட ஒருத்தர் ஃப்ளாஸ்க்கோட ஓடுனா, அவர்கிட்டயே வழி கேக்க வேண்டியதுதானேன்னு ஜனங்க கேப்பாங்க சார்."

"அப்ப என்னைய அழிச்சுட்டு வெறும் மணலா விட்டிருக்கலாம்லா?"

"வெறும் மணலத் தொரத்துனா பைத்தியம்னு நெனைப்பாங்க."

"சரி, ஒரு குதிரயாவது போட்டிருக்கலாம்லா. அதென்ன ஒட்டகம்?"

அவன் சொன்னான், "குதிர போட்டுப் பாத்தோம் சார். மானு கூடப் போட்டுப் பாத்தோம். உங்க ஓட்டத்துக்கு ஒட்டகம் மட்டும்தான் சார் பொருந்துச்சு."

நான் ஃபோன வச்சுட்டேன்.

ருத்விக்கு மட்டும் ஒரு நாளு கூப்பிட்டான். அவங்காத்தா முழுப் படத்தையும் முழிச்சிருந்து பாத்துச்சாம். பாத்துட்டு, "அந்த ஒட்டகத்துக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னு கேட்டுச்சாம். நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னேன்.

வீட்டுல சாராள் அதுக்குப் பொறவு படத்தப் பத்தி ஒரு வார்த்த எடுக்கல. நானும் எடுக்கல. ஆனா எனக்கு ஒரு நமைச்சல் இருந்துக்கிட்டே இருந்துது. ஒட்டகம் ஓடும்போது மணல்ல நெழலு விழுமே, அந்த நெழலு என்னோடதா இருக்குமோன்னு. கம்ப்யூட்டர்காரனுவ நெழல மறந்திருப்பானுவன்னு ஒரு நம்பிக்க. இத யாருகிட்டயும் சொல்ல முடியுமா? ஒரு நாளு சாராள் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம்னு சொல்லிட்டு மத்தியானத்துக்கு முன்னாலயே கெளம்பிப் போயிட்டா. அதான் நல்ல சமயம்னு நானும் பஸ் பிடிச்சுத் தூத்துக்குடிக்குப் போயி மேட்னி ஷோவுல உக்காந்தேன். கூட்டமே இல்ல. கடைசி வரிசை. நெழலு ஒட்டகத்தோடதுதான். அதையும் மாத்திட்டானுவ.

ஆனா நான் அத முழுசாப் பாக்கல. ஏன்னா ஒட்டகம் வந்ததும் எனக்கு ரெண்டு வரிசைக்கு முன்னால இருந்து ஒரு பொம்பள மெல்ல எந்திரிச்சு, பக்கத்து சீட்டுக்காரிகிட்ட குனிஞ்சு, திரையக் காட்டி என்னமோ சொல்லுதா. அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா?

"அந்தா ஓடுதாவள்லா, அது எங்க வீட்டுக்காரரு."

அந்தம்மா ஒரு நிமிசம் திரையப் பாத்துச்சு. "எது, ஒட்டகமா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமா. அந்த முட்டியத் தூக்குத தூக்கப் பாருங்க. உலகத்துல வேற யாரு அப்படி ஓடுவா? மொதத் தடவ பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இது நாலாவது தடவ."

அந்தம்மா கூட வந்திருந்த சின்னப் பையன இழுத்துக்கிட்டு ரெண்டு சீட்டுத் தள்ளிப் போயி உக்காந்துது. சாராள் அதக் கண்டுக்கிடவே இல்ல. கைய மடியில வச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்து பாத்தா. ஒட்டகம் உருளும்போது மட்டும், "பாத்து, பாத்து"ன்னா.

நான் லைட்டு போடுததுக்கு முன்னாலயே வெளிய வந்துட்டேன் தம்பி. சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்தா. சேலையக் கூட மாத்தல, நேரா அடுப்படிக்குப் போனா. நான் வாசப்படியில நின்னுக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி, "கூட்டம் எப்படி இருந்துது?"ன்னு கேட்டேன்.

"நல்லா இருந்துது"ன்னா.

"இன்னைக்கு யாரு பேசுனா?"

அரிசியக் களஞ்சுக்கிட்டே சொன்னா, "நான்தான் பேசுனேன்."